அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனைவிட்டுப் பிரிந்தது ஏன்?

அமெரிக்க விடுதலைப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பள்ளியில் படித்த நினைவிலிருந்து நம்மில் பெரும்பாலோர் சொல்லக்கூடிய விடை தேயிலை வரி என்பதாகத்தான் இருக்கும். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்ட நிகழ்ச்சி அந்த அளவுக்குப் புகழ்பெற்றது. ஆனால் இந்த விடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேயிலைச் சட்டம் புதிதாக எந்த வரியையும் விதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை அமெரிக்காவில் முன்பைவிட மலிவாகக் கிடைக்கவே அது வழிசெய்தது. பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் அரசுக்குச் செலுத்திய வரியோடு ஒப்பிட்டால், அமெரிக்கக் குடியேறிகள் செலுத்திய வரி மிகக் குறைவு. குறைந்த வரி செலுத்திய மக்கள், விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டும் அளவுக்கு ஏன் கொதித்தெழுந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள, வரி எவ்வளவு என்பதைவிட, வரி விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற வழக்கைத்தான் நாம் பின்தொடர வேண்டும். அந்த வழக்கு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. அதன் தொடக்கத்தில் தனி நாடு வேண்டும் என்று கேட்டவர்கள் அநேகமாக ஒருவரும் இல்லை.

வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஆங்கிலேயர்களின் முதல் நிலையான குடியிருப்பு 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் அமைந்தது. அதிலிருந்து 1733இல் ஜார்ஜியாவில் குடியேற்றம் தொடங்கியது வரை, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பதின்மூன்று குடியேற்றங்கள் உருவாயின. சிலவற்றை வணிகக் குழுக்கள் தொடங்கின. சிலவற்றை அரசரிடம் பட்டயம் பெற்ற பிரபுக்கள் தொடங்கினர். மாசசூசெட்ஸ் போன்றவற்றை இங்கிலாந்தின் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாத சமயக் குழுவினர் தொடங்கினர். 1775 வாக்கில் இவற்றின் மொத்த மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஆவர்.

இந்தக் குடியேற்றங்களின் தன்மையைத் தீர்மானித்த மிக முக்கியமான விஷயம், அவை ஒவ்வொன்றிலும் ஒரு சட்டமன்றம் இருந்தது என்பதாகும். வர்ஜீனியாவில் 1619ஆம் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடிவிட்டார்கள். பெரும்பாலான குடியேற்றங்களுக்கு ஆளுநரை அரசர் நியமித்தார் என்றாலும், உள்ளூர் வரிகளை விதித்தது சட்டமன்றம்தான். பல இடங்களில் அந்த ஆளுநரின் சம்பளத்துக்கான பணத்தை ஒதுக்கியதும் அதே சட்டமன்றம்தான். அரசரின் ஆணையை நிறைவேற்ற வந்தவர் தம் சம்பளத்துக்கு உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளை எதிர்பார்க்க வேண்டியிருந்தால், அங்கே உண்மையான அதிகாரம் யார் கையில் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அட்லாண்டிக் கடலைக் கப்பலில் கடக்க வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆன காலம் அது. லண்டனிலிருந்து ஓர் உத்தரவு புறப்பட்டு அதற்கான பதில் திரும்பி வருவதற்குள் பருவமே மாறிவிடும். இந்தச் சூழலில் நான்கைந்து தலைமுறைகளாக அந்த மக்கள் தம்மைத் தாமே ஆண்டுவந்தார்கள். அதே வேளையில் தம்மை அவர்கள் ஆங்கிலேயர்களாகவே கருதினார்கள். ஓர் ஆங்கிலேயனுக்குரிய உரிமைகள் அனைத்தும் கடல் தாண்டி வந்த தமக்கும் உண்டு என்று உறுதியாக நம்பினார்கள்.

லண்டன் அவர்களை முழுவதுமாக விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கப்பல் வணிகச் சட்டங்கள் இருந்தன. புகையிலை போன்ற சில பொருள்களைப் பிரிட்டனுக்கும் அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் மட்டுமே அனுப்பலாம். ஐரோப்பியச் சரக்குகள் பிரிட்டன் வழியாகவே வர வேண்டும். ஆங்கிலேயருக்கோ குடியேறிகளுக்கோ சொந்தமான கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும். 1733இல் பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரைப் பாகுக்கு ஒரு கேலன் அளவுக்கு ஆறு பென்ஸ் தீர்வை விதிக்கப்பட்டது. அந்தப் பாகிலிருந்து ரம் வடித்து விற்ற, மாசசூசெட்ஸ் முதலான வடகிழக்குக் குடியேற்றங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதி வணிகர்கள் தீர்வையை முறையாகக் கட்டியிருந்தால் தொழில் நொடித்துப்போயிருக்கும். எனவே அவர்கள் கடத்தினார்கள். சுங்க அலுவலர்கள் கொஞ்சம் கையூட்டு வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருந்தார்கள். லண்டனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் கடந்த வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதைக் குடியேறிகள் பொதுவாக ஒப்புக்கொண்டார்கள். வணிகத்தை ஒழுங்குபடுத்துவது வேறு, வருவாய்க்காக வரி விதிப்பது வேறு என்று பின்னாளில் அவர்கள் வாதிட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பேரரசை இவ்வளவு காலம் சேர்த்துவைத்திருந்தது லண்டனின் இந்தத் தளர்வான பிடிதான் என்பது என் கருத்து.

அந்தப் பிடி இறுகியதற்குக் காரணம் ஒரு போர். ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு யாருக்கு என்ற தகராறில் 1754இல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் வர்ஜீனியக் குடிப்படைக்கும் மோதல் மூண்டது. அந்தக் குடிப்படைக்குத் தலைமை தாங்கிய 22 வயது இளைஞரின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அந்தச் சிறு மோதல் இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பா, கரீபியன், இந்தியா என்று பரவி ஏழாண்டுப் போராக வளர்ந்தது. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும், மறு ஆண்டு புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதும் இதே போரின் நிகழ்ச்சிகளே. 1763இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கனடாவும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கிலுள்ள பரந்த நிலமும் பிரிட்டனுக்குக் கிடைத்தன.

வெற்றிக்கு விலையும் இருந்தது. பிரிட்டனின் தேசியக் கடன் போர்க்காலத்தில் கிட்டத்தட்ட இரு மடங்காகி 12 கோடி பவுண்டைத் தாண்டியது. கைப்பற்றிய நிலத்தைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்று லண்டன் முடிவு செய்தது. அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது அமெரிக்கர்கள் ஏற்க வேண்டும் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கருதினார். பிரிட்டனில் ஏற்கெனவே கடும் வரி செலுத்திக்கொண்டிருந்த ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால், இந்த எண்ணம் நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் குடியேறிகளின் கண்ணுக்கு நிலைமை வேறுவிதமாகத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறிய பின் யாரிடமிருந்து காப்பதற்காக இந்தப் படை? போரில் தாங்களும் ஆட்களையும் பணத்தையும் கொடுத்திருக்க, வெற்றி கிடைத்த உடனே தங்களைக் கடனாளிகளாக நடத்துவது ஏன்? இவ்வளவு காலமும் பிரிட்டனின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டதற்கு முதன்மைக் காரணமே வடக்கிலிருந்த பிரெஞ்சு அச்சுறுத்தல்தான். அதை நீக்கியதன் மூலம் பிரிட்டன் தன்மீது குடியேறிகளுக்கு இருந்த சார்பையும் சேர்த்தே நீக்கிவிட்டது.

1763 அக்டோபரில் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்பது அதன் சாரம். மேற்கிலிருந்த தொல்குடி மக்கள் அப்போதுதான் பான்டியாக் முதலான தலைவர்களின் கீழ் ஆங்கிலேயக் கோட்டைகளைத் தாக்கியிருந்தார்கள். இன்னொரு செலவு மிக்க போரைத் தவிர்க்க லண்டன் விரும்பியது. ஆனால் அந்த நிலத்துக்காகவே போரிட்டதாக எண்ணிய குடியேறிகளுக்கும், மேற்கு நில வியாபாரத்தில் முதலீடு செய்திருந்த வாஷிங்டன் போன்ற வர்ஜீனியச் செல்வந்தர்களுக்கும் இது பெரும் ஏமாற்றமாக அமைந்தது.

1764இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. பாகின் மீதான தீர்வையை அது ஆறு பென்சிலிருந்து மூன்று பென்சாகக் குறைத்தது. ஆனால் அதைக் கண்டிப்பாக வசூலிக்க ஏற்பாடு செய்தது. கடத்தல் வழக்குகளை ஜூரிகள் இல்லாத கடல்சார் நீதிமன்றங்களில் நடத்தலாம் என்றது. உள்ளூர் ஜூரிகள் தம் அண்டை வீட்டுக்காரரைக் கடத்தலுக்காகத் தண்டிக்கமாட்டார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. மேலும் வருவாய் திரட்டுவதே தன் நோக்கம் என்று அந்தச் சட்டத்தின் முகப்புரையே வெளிப்படையாகச் சொன்னது.

மறு ஆண்டு வந்த முத்திரை வரிச் சட்டம்தான் குடியேற்றங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் உலுக்கியது. நீதிமன்ற ஆவணங்கள், பத்திரங்கள், செய்தித்தாள்கள், பஞ்சாங்கங்கள், உரிமங்கள், சீட்டுக்கட்டு, பகடைக்காய் என எல்லாவற்றுக்கும் முத்திரை வரி கட்ட வேண்டும். அதையும் அமெரிக்காவில் அரிதாகக் கிடைத்த பிரிட்டிஷ் நாணயத்தில் கட்ட வேண்டும். இதே போன்ற வரி பிரிட்டனில் பல ஆண்டுகளாக இருந்ததால், அங்கு இதை யாரும் பெரிய விஷயமாகக் கருதவில்லை. அமெரிக்காவில் இது தொட்டவர்கள் யார் என்று பாருங்கள்: வழக்குரைஞர்கள், அச்சகத்தார், செய்தித்தாள் நடத்துவோர், வணிகர்கள், மதுக்கடைக்காரர்கள். ஊரில் எழுதவும் பேசவும் கூட்டம் சேர்க்கவும் வல்லவர்கள் அனைவரையும் ஒரே சட்டத்தால் பகைத்துக்கொள்ள வேறு வழி இருந்திருக்க முடியாது. வர்ஜீனியச் சட்டமன்றத்தில் பேட்ரிக் ஹென்றி எதிர்ப்புத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். ஆகஸ்டில், மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டனின் மக்கள் முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள்; அடுத்த சில நாள்களில் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைச் சூறையாடினார்கள். விடுதலையின் புதல்வர்கள் என்ற பெயரில் ஊர்தோறும் குழுக்கள் தோன்றின. சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய நவம்பர் 1ஆம் தேதிக்குள் முத்திரை விநியோகிப்பாளர்களில் அநேகமாக அனைவரும் பதவி விலகிவிட்டார்கள். அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிக் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அந்த எதிர்ப்பின் உள்ளடக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் நடந்தவை எல்லாம் அதிலிருந்தே கிளைத்தன. மக்களின் இசைவு இல்லாமல் அரசர் வரி விதிக்கக் கூடாது என்பது ஆங்கிலேயர்கள் தம் அரசர்களோடு நெடுங்காலம் போராடி வென்ற உரிமை. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அதை உறுதிப்படுத்தியிருந்தது. அந்த இசைவைத் தருவது மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்த நாடாளுமன்றம். லண்டன் நாடாளுமன்றத்துக்கு அமெரிக்கர்கள் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. எனவே அது தங்களுக்கு வரி விதிக்க முடியாது, தங்கள் சட்டமன்றங்களால் மட்டுமே முடியும் என்பது அவர்கள் வாதம். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கத்தின் பொருள் இதுவே.

பிரிட்டிஷ் அரசின் தரப்பிலும் ஒரு பதில் இருந்தது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற வளரும் நகரங்களுக்குக்கூடத் தனி உறுப்பினர்கள் இல்லை. பிரிட்டனில் வாழ்ந்தவர்களிலேயே மிகச் சிலருக்குத்தான் வாக்குரிமை இருந்தது. ஆயினும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு மட்டுமல்லாமல் பேரரசின் குடிமக்கள் அனைவருக்கும் பிரதிநிதி. ஆகவே அமெரிக்கர்களும் மறைமுகமாகப் பிரதிநிதித்துவம் பெற்றிருக்கிறார்கள் என்று கிரென்வில்லின் செயலாளர் தாமஸ் வேட்லி எழுதினார். மேரிலாந்தைச் சேர்ந்த வழக்குரைஞர் டேனியல் டுலானி இதற்குக் கொடுத்த மறுப்பு கூர்மையானது. இங்கிலாந்தில் வாக்குரிமை இல்லாதவருக்கு விதிக்கப்படும் வரியை, அதை விதிக்கும் உறுப்பினரும் அவருக்கு வாக்களித்தவர்களும் சேர்ந்தே கட்ட வேண்டும். எனவே அங்கே ஒரு தடுப்பு இருக்கிறது. அமெரிக்கர்கள் மீது விதிக்கப்படும் வரியை அந்த உறுப்பினர்களிலோ வாக்காளர்களிலோ ஒருவரும் கட்டப்போவதில்லை. மாறாக, அமெரிக்கர்கள் எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறார்களோ அவ்வளவுக்கு இங்கிலாந்தில் இருப்பவர்களின் சுமை குறையும். இங்கே ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். குடியேறிகள் லண்டன் நாடாளுமன்றத்தில் தங்களுக்கு இடம் கேட்கவில்லை. இவ்வளவு தொலைவிலிருந்து தாங்கள் அங்கே பிரதிநிதித்துவம் பெறுவது இயலாத காரியம் என்றே நியூயார்க் கூட்டம் தீர்மானித்தது. வரி விதிக்கும் அதிகாரம் தங்கள் சட்டமன்றங்களிடமே இருக்கட்டும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

அமெரிக்க வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்க மறுத்தபோது லண்டன் வணிகர்களுக்கு அடி விழுந்தது. அவர்களே சட்டத்தை நீக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு அளித்தார்கள். 1766 மார்ச்சில் முத்திரை வரி நீக்கப்பட்டது. குடியேற்றங்களில் மணியடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் அதே நாளில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது: எந்த விஷயமானாலும் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது அறிவித்துக்கொண்டது. கொண்டாட்டத்தின் இரைச்சலில் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. வரியைத் திரும்பப் பெற்றாலும் கொள்கையை விட்டுக்கொடுக்கப் பிரிட்டன் தயாராக இல்லை என்பதற்கான எழுத்து மூலச் சான்று அது.

அடுத்த ஆண்டே நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகிய இறக்குமதிப் பொருள்களுக்குத் தீர்வை விதித்தார். துறைமுகத்தில் வாங்கும் தீர்வை என்பதால் குடியேறிகள் ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. பென்சில்வேனிய வழக்குரைஞர் ஜான் டிக்கின்சன் தொடர் கடிதங்கள் எழுதி, நோக்கம் வருவாய் என்றால் துறைமுகத்தில் வாங்கினாலும் அது வரிதான் என்று விளக்கினார். இதில் வரியைவிட ஆழமான ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வசூலாகும் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. அதாவது, ஆளுநரைத் தம் கட்டுக்குள் வைத்திருக்கச் சட்டமன்றங்களிடம் இருந்த வலுவான கடிவாளம் பறிபோகும். மீண்டும் பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பு தொடங்கியது. பெண்கள் ஊர்ப் பொது இடங்களில் கூடி நூல் நூற்றார்கள். வீட்டில் நெய்த துணியை உடுத்துவது நாட்டுப்பற்றின் அடையாளமாகியது. சட்டமன்றத்தில் இடமோ வாக்குரிமையோ இல்லாத பெண்கள் நாள்தோறும் பங்கேற்கக்கூடிய அரசியல் நடவடிக்கையாக இது அமைந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

சுங்க அலுவலர்களைப் பாதுகாக்க 1768 அக்டோபரில் பாஸ்டனுக்குப் படை வந்தது. சுமார் 16,000 பேர் வாழ்ந்த நகரத்தில் சிவப்புக் கோட்டு அணிந்த பிரிட்டிஷ் படையினர் தெருவில் திரிந்தார்கள். ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலை செய்து உள்ளூர்த் தொழிலாளர்களின் பிழைப்பிலும் கைவைத்தார்கள். 1770 மார்ச் 5 இரவு, பனிக்கட்டிகளையும் தடிகளையும் வீசிய கூட்டத்தின்மீது வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்க வழிவந்த கப்பல் தொழிலாளி கிறிஸ்பஸ் அட்டக்ஸ் அவர்களில் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் அந்த வீரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். நாட்டு விடுதலையில் முன்னின்ற ஒருவர், வெறுக்கப்பட்ட எதிரிக்கும் முறையான விசாரணை கிடைக்க வேண்டும் என்று நின்றது அந்தக் காலத்தின் மிகச் சிறந்த செயல்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். லண்டனில் புதிய பிரதமர் நார்த் பிரபு தேயிலை தவிர மற்றத் தீர்வைகளை நீக்கினார். தேயிலையின் மீது இருந்த ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் மட்டும், உரிமையின் அடையாளமாக விட்டுவைக்கப்பட்டது.

இப்போது நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். வங்காளத்தில் 1770இல் கொடிய பஞ்சம் நிலவிய வேளையிலும் வரி வசூலித்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1772இல் கடனில் மூழ்கியது. அதன் கிடங்குகளில் சீனாவிலிருந்து வந்த தேயிலை விற்காமல் மலைபோல் குவிந்திருந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, லண்டனில் கட்ட வேண்டிய தீர்வை இல்லாமல் அமெரிக்காவுக்குத் தேயிலையை நேரடியாக ஏற்றி, தான் தேர்ந்தெடுத்த முகவர்கள் மூலம் விற்க 1773ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவந்த தேயிலையோடு போட்டியிடும் விலைக்கு அது வந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் கட்ட வேண்டிய மூன்று பென்ஸ் மட்டும் நீடித்தது. தன் நிலத்தின் ஓரமாக ஒருவர் நடந்து போவதால் பயிருக்கு நட்டமில்லை என்று சும்மா இருந்தால், சில ஆண்டுகளில் அது அவருக்கு வழிப்பாத்தியமாகிவிடும் என்று அஞ்சும் நிலக்காரரைப் போல, மலிவான தேயிலையோடு அந்தச் சிறு வரியையும் ஏற்றுக்கொண்டால் வரி விதிக்கும் உரிமையையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று குடியேறிகள் அஞ்சினார்கள். கடத்தல் தேயிலை விற்றவர்களுக்கும், முகவராக இடம் கிடைக்காத வணிகர்களுக்கும் சொந்த நட்டமும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. இந்தியாவில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைச் சுட்டிக்காட்டி, நாளை நமக்கும் அதுதான் நேரும் என்று எச்சரித்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. பாஸ்டனில் அப்போது ஆளுநராக இருந்தவர், முன்பு வீடு சூறையாடப்பட்ட அதே ஹட்சின்சன். அவருடைய மகன்கள் கம்பெனியின் முகவர்கள். தீர்வை கட்டாமல் கப்பல்கள் திரும்பக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். டிசம்பர் 16 இரவு, மோஹாக் தொல்குடியினரைப் போல் வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். தேயிலை தவிர வேறு பொருள்களைச் சேதப்படுத்தாமல் இருப்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

பிரிட்டன் அளித்த தண்டனைதான் பிரிவினையைத் தவிர்க்க முடியாததாக்கியது. 1774இல் நிறைவேறிய சட்டங்கள், தேயிலைக்கு ஈடு கட்டும் வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடின. மாசசூசெட்ஸின் பட்டயத்தைத் திருத்தி, அதுவரை தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஆளுநர் அவையை அரச நியமனமாக்கின. ஊர்க் கூட்டங்களைக் கட்டுப்படுத்தின. குற்றம் சாட்டப்பட்ட அரசு அலுவலர்களை வேறு இடத்துக்கோ பிரிட்டனுக்கோ கொண்டுபோய் விசாரிக்க அனுமதித்தன. தேயிலையைக் கொட்டியவர்கள் சிலர். வேலை இழந்ததோ துறைமுகத்தை நம்பியிருந்த நகரம் முழுவதும். தேயிலை அழிப்பைத் தவறு என்று கண்டித்த பிற குடியேற்றத்தார்கூட, ஒரு குடியேற்றத்தின் பட்டயத்தை நாடாளுமன்றம் இப்படி ஒரே அடியில் மாற்ற முடியுமானால் தங்கள் சட்டமன்றங்களுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள். பாஸ்டனைத் தனிமைப்படுத்த வந்த சட்டம் மற்றவர்களை அதன் பக்கம் சேர்த்தது. வர்ஜீனியாவிலிருந்தும் தென் கரோலினாவிலிருந்தும் உணவுப் பொருள்கள் அந்நகரத்துக்குப் போயின. 1774 செப்டம்பரில், ஜார்ஜியா தவிர்த்த பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் முதல் பேரவையாகக் கூடினார்கள்.

அந்தப் பேரவையும் விடுதலை கேட்கவில்லை. அது அரசருக்கு மனு எழுதியது. பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்க ஒப்பந்தம் செய்தது. அதைக் கண்காணிக்க ஊர்தோறும் குழுக்களை அமைக்கச் சொன்னது. அந்தக் குழுக்கள்தாம் படிப்படியாக உள்ளூர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. 1775 ஏப்ரல் 19 அன்று, கான்கார்டில் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் படை லெக்சிங்டனில் குடிப்படையோடு மோதியது. எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். போர் தொடங்கிவிட்டது. ஜூனில் வாஷிங்டன் தலைமைத் தளபதியானார். அதற்கடுத்த மாதமே, ஜான் டிக்கின்சன் எழுதிய சமாதான மனுவைப் பேரவை அரசருக்கு அனுப்பியது. ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் மனுவும் என்ற இந்த நிலை முரணாகத் தோன்றலாம். அவர்களுடைய வாதத்தின் வளர்ச்சியைப் பார்த்தால் அது விளங்கும். 1765இல் நாடாளுமன்றம் வரி விதிக்கக் கூடாது என்றவர்கள், 1774 வாக்கில் நாடாளுமன்றத்துக்குத் தங்கள்மீது எந்த அதிகாரமும் இல்லை, தங்களுக்கும் பிரிட்டனுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் ஒரே பிணைப்பு அரசர் மட்டுமே என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே எல்லாம் அரசரின் பதிலைப் பொறுத்திருந்தது. மூன்றாம் ஜார்ஜ் அந்த மனுவை ஏற்றுக்கொள்ளவே மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார். பின்னர் ஜெர்மானியச் சிற்றரசுகளிடமிருந்து கூலிப்படைகளையும் அமர்த்தினார்.

1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் எழுதிய ‘பொது அறிவு’ என்னும் சிறு நூல் வெளிவந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத அந்த மனிதர், அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை எளிய மொழியில் எழுதினார்: கெட்ட அமைச்சர்கள் மட்டுமல்லர், பரம்பரை அரசாட்சி என்ற முறையே தவறு, ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆள்வதில் பொருளில்லை. ஜூலை 2இல் பேரவை விடுதலைக்கு வாக்களித்தது. ஜூலை 4இல் தாமஸ் ஜெஃபர்சன் வரைந்த பிரகடனத்தை ஏற்றது. அதில் அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் அரசரை நோக்கியே எழுதப்பட்டிருப்பதையும், நாடாளுமன்றம் என்ற சொல்லே அதில் இல்லாததையும் கவனித்தால், மேலே சொன்ன வாதத்தின் தடம் தெரியும். நாடாளுமன்றத்தோடு இல்லாத உறவை எப்படி முறிப்பது? முறிக்க வேண்டியிருந்தது அரசரோடு இருந்த உறவை மட்டுமே.

இந்தப் போராட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் அரசருக்கு விசுவாசமாக இருந்து, கடைசியில் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் புலம்பெயர்ந்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நியூ ஜெர்சியின் ஆளுநராக இருந்த அவர் மகன் வில்லியம் அரசர் பக்கம் நின்று சிறைப்பட்டார். எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெஃபர்சன் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியைப் பேரவை நீக்கிவிட்டது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் தப்பி அவரிடம் ஓடினார்கள். அதுவரை தயங்கிநின்ற தோட்ட முதலாளிகள் பலர் அந்த அறிவிப்பால்தான் பிரிட்டனை முற்றாக வெறுத்தார்கள். கொள்கைக்காக நடந்த போராட்டத்தில் நிலமும் கடனும் அடிமைகளின் மேலிருந்த உடைமையும் கலந்தே இருந்தன. இவற்றைச் சொல்வதால் அந்த வாதத்தின் வலிமை குறைந்துவிடாது. யாருக்கெல்லாம் அது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த வரலாறு முழுமையாகும்.

வரியின் அளவு இங்கே முதன்மையான காரணம் அன்று என்பதற்கு 1778ஆம் ஆண்டு ஒரு சான்று தருகிறது. நியூயார்க்கிலுள்ள சரடோகாவில் நடந்த சண்டையில் ஒரு முழுப் படையை இழந்து, பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்ததைக் கண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், குடியேற்றங்களிலிருந்து வருவாய்க்காக இனி வரி விதிப்பதில்லை என்று சட்டமே இயற்றியது. தேயிலைத் தீர்வையையும், மாசசூசெட்ஸின் பட்டயத்தைத் திருத்திய சட்டத்தையும் நீக்கியது. 1765இல் கேட்டதைவிடக் கூடுதலான சலுகைகளோடு கார்லைல் பிரபுவின் தலைமையில் ஒரு தூதுக் குழு பிலடெல்பியாவுக்கு வந்தது. விடுதலையை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது படைகளைத் திரும்பப் பெறுங்கள், அதற்குப் பிறகு பேசலாம் என்று பேரவை பதில் அனுப்பியது. அந்த விடுதலையை முறைப்படி ஏற்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது 1783 செப்டம்பர் 3 அன்று, பாரிஸில்.